மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு மதுரைக்கு வந்தவருக்கு

அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. இரண்டு நாளாக எல்லார் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். "மே மாசத்துல மதுரைப் பக்கம் மட்டும் போயிடாதீங்க, அரை நாள் போதும், அதுவே அதிகம்" என்று வெளியூர்த் தம்பி ஒருவர் பதினோரு நிமிடம் பேசியிருக்கிறாரே, அதேதான். முதல் நாள் பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ராத்திரி அது எங்கள் குடும்பக் குழுவுக்கே வந்து சேர்ந்தது. அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு விஷயம். மதுரைக்குக் கோடையில் ஒரு நேரக் கணக்கு உண்டு. விடிகாலை அஞ்சு மணியிலிருந்து ஒன்பது மணி வரை ஊர் விழித்திருக்கும். அப்புறம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் மறுபடியும் எழுந்து நடுராத்திரி தாண்டியும் நடமாடும். நடுவில் இருப்பது வீட்டுக்குள் இருக்கிற நேரம். இங்கே பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். தெரியாதவர்கள் விசாரித்துக்கொள்ளலாம். ஒரு ஆட்டோக்காரரிடமோ, ஒரு டீக்கடைக்காரரிடமோ கேட்டிருந்தால் போதும்.

அந்தத் தம்பி என்ன செய்திருக்கிறார்? வீடியோவில் கவனித்துப் பாருங்கள். சித்திரை வீதியில் வெறுங்காலோடு நின்று காலை மாற்றி மாற்றி வைக்கிறார். பின்னால் கோபுரத்தின் நிழல் அதன் அடியிலேயே கிடக்கிறது. உச்சி வெயில். மணி பன்னிரண்டே முக்கால் என்று அவரே சொல்கிறார். "கோயில்கூட மூடிட்டாங்க பாருங்க" என்கிறார். பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத் திறப்பது வழக்கம். அவருக்காக அன்றைக்கு யாரும் சாத்தவில்லை. மூடிய கதவைக் காட்டிவிட்டு ஊரில் ஒன்றுமே இல்லை என்று முடித்துவிட்டார். லட்சம் பேர் அதைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள்.

நான் அவரைக் கூட்டிப் போயிருந்தால் காலை அஞ்சரைக்கெல்லாம் உள்ளே இருந்திருப்போம். அந்த நேரத்தில் பிராகாரத்துக் கல் குளிர்ந்திருக்கும். உள்ளங்காலில் அந்தக் குளிர்ச்சி ஏறுகிறபோது கோடைக்காலம் என்பதே மறந்துபோகும். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தால் தெற்குக் கோபுரத்தில் வெளிச்சம் மெல்ல இறங்கி வருவதைப் பார்க்கலாம். செல்போன் கொண்டுபோக விடவில்லை என்பதையும் பெரிய குறையாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது நிம்மதி. அங்கே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எல்லாரும் கண்ணால்தான் பார்க்கிறார்கள்.

காலையில் முடியவில்லை என்றால் ராத்திரி வந்திருக்கலாம். நடை சாத்துவதற்கு முன்னால் சொக்கநாதரின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். தினமும் நடக்கிறது. மேளச் சத்தம் அந்தப் பெரிய மண்டபங்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. இன்றைக்கும் அந்தப் பல்லக்கு கடந்து போகும்போது என் தொண்டை அடைக்கிறது. அரை நாள் போதும் என்கிறவருக்கு இதை எப்படிச் சொல்வது?

சரி, நடுவில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கேட்கவும் செய்தார்கள். அவருடைய வீடியோவுக்குக் கீழே முந்நூறு பேர் அதையேதான் எழுதியிருக்கிறார்கள். புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, 2023 ஜூலையில் திறந்தது. உள்ளே குளுகுளுவென்று இருக்கும், கட்டணம் கிடையாது, பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதினொரு மணிக்குப் போனேன், மூன்றரைக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. காந்தி மியூசியம் இருக்கிறது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை அது, பழைய காலத்துக் கட்டடம், உள்ளே நுழைந்தாலே வெயில் தணிந்துவிடும். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கேதான் இருக்கிறது. அவர் சட்டையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறியதும் 1921 செப்டம்பரில் இதே ஊரில், மேலமாசி வீதி வீட்டில். பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டாமா? கீழடி பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சிவகங்கை மாவட்டம் என்றாலும் எங்களுக்கு அது பக்கத்துத் தெரு. இரண்டாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்கள் விளையாடிய தாயக்கட்டையை அங்கே வைத்திருக்கிறார்கள். என் தோழியின் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அவங்களும் லீவுல தாயம்தான் ஆடுவாங்களா பெரியம்மா" என்று கேட்டாள்.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். எனக்கு ரொம்ப வலித்தது இங்கேதான். ஜிகர்தண்டாவை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை போட்ட பால், அவ்வளவுதான்" என்று கிளாஸைக் கீழே வைக்கிறார். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் நின்று அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல வாய் வந்திருக்காது. பாதாம் பிசினை முதல் நாள் ராத்திரியே ஊறப் போடுவார்கள். புளியங்கொட்டை அளவு போட்டால் காலையில் ஒரு கைப்பிடி அளவுக்கு உப்பி நிற்கும். பாலை மணிக்கணக்கில் அடுப்பில் வைத்துக் கிண்டிக் கிண்டிச் சுண்டவிடுவார்கள், நிறம் மாறிப் பழுப்பேறும் வரை. கிளாஸின் அடியில் பிசின், அதன் மேல் கடற்பாசி, அதற்கு மேல் நன்னாரி சர்பத், பிறகு அந்தக் குளிர்ந்த பால், கடைசியில் சுண்டிய பாலிலேயே செய்த ஐஸ்கிரீம். கடைக்காரர் ஒரு கரண்டியைக் கீழே வரை விட்டு ஒரே ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுப்பார். கலக்காமல் மேலாகக் குடித்தால் பால்தான் வரும். நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர் கலக்கவே இல்லை.

பருத்திப்பாலை அவர் தேடவே இல்லை. சாயங்காலம் தெருமுனையில் பெரிய பாத்திரத்தில் வைத்திருப்பார்கள். பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சுவது. வெயில் காலத்தில் யாராவது சூடாகக் குடிப்பார்களா என்று கேட்காதீர்கள், குடித்துப் பாருங்கள். அப்புறம் நுங்கு. ஒத்தக்கடைப் பக்கம் யானைமலையைப் பார்த்துக்கொண்டே ரோட்டோரமாக நின்று, சீவிக் கொடுக்கும் காயில் கட்டைவிரலை விட்டு நோண்டிச் சாப்பிட வேண்டும். பதநீர் காலையில்தான் கிடைக்கும், வெயில் ஏறிவிட்டால் புளித்துவிடும். அதற்கும் நேரக் கணக்குதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் கறி தோசை, கோலா உருண்டை, பன் பரோட்டா. மதுரையின் சாப்பாடே ராத்திரிச் சாப்பாடுதான். மத்தியானம் ஒரு மணிக்கு ஏதோ ஒரு ஏசி ஓட்டலில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு "ஃபுட் சுமார்தான்" என்றால் நான் என்ன சொல்ல?

வெயில் அடிக்கத்தானே செய்கிறது என்று வருவீர்கள். அடிக்கிறது. நாற்பது டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு, அக்கினி நட்சத்திரத்தில் தாரும் உருகும். நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரின் மிகப் பெரிய விழாவான சித்திரைத் திருவிழாவே அந்த வெயிலில்தான் நடக்கிறது. 2025-இல் அழகர் வைகை ஆற்றில் இறங்கியது மே 12-ஆம் தேதி. முந்தின நாள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையிலிருந்து ஜனங்கள் தூங்கவில்லை. அழகர்கோவிலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் மண்டகப்படி மண்டகப்படியாக அவர் வருகிறார், வழியெல்லாம் நீர்மோர், பானகம். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் கையில் டம்ளரைத் திணிப்பார்கள். தோப்பறை என்கிற தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள் அழகரையும் நனைப்பார்கள், நின்றவர்களையும் நனைப்பார்கள். வெயில் வேண்டாம் என்று மலைக்கு ஓடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வெயிலோடு நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியதே.

ஆட்டோக்காரர்கள் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்பது உண்மை. எனக்கும் கோபம் வரும். போக்குவரத்து நெரிசலும் உண்மை. எந்த ஊரில் இல்லை? "உங்க ஊர்னா உங்களுக்குப் பெருமை, வெளியூர்க்காரன் காசு செலவழிச்சு வர்றான், அவனுக்குப் பிடிக்கலைன்னா சொல்லக்கூடாதா" என்று நேற்று ஒருவர் என்னிடம் கேட்டார். சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் வீட்டுக்காரர்கள் தூங்குகிற நேரத்தில் கதவைத் தட்டிவிட்டு, இந்த வீட்டில் விருந்தாளியை மதிக்க மாட்டார்கள் என்று தெருவெல்லாம் சொல்வது நியாயமா? அதைத்தான் கேட்கிறேன்.

எங்கள் வீடு அப்போது சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. மே மாதம் வந்தால் சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான். பதினோரு பேர் வரைக்கும் இருந்திருக்கிறோம். ஒரே ஒரு காத்தாடி. மத்தியானம் முழுக்கத் தரையில் ஈரத்துணியை விரித்துப் படுத்துத் தாயம் ஆடுவோம். சாயங்காலம் அஞ்சரை ஆனதும் அம்மா இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவார். முதல் சொம்பை ஊற்றியதும் தரை சுள்ளென்று சத்தம் போடும். ஆவி எழும். "பிள்ளைகளா, கால் சுடும், ஓரமா நில்லுங்க" என்று கத்திக்கொண்டே ஊற்றுவார். நாலாவது சொம்புக்குப் பிறகுதான் தண்ணீர் தரையில் தங்கும். ராத்திரி அங்கேதான் பாய். பதினோரு மணிக்கு அப்பா வேலை முடிந்து வரும்போது வாழை இலையில் கட்டிய பரோட்டாவும் தனிப் பையில் சால்னாவும் இருக்கும். தூங்கியவர்களையும் எழுப்புவார். அரைத் தூக்கத்தில் ஒரே தட்டில் ஆளாளுக்குக் கைவிட்டு, யார் கை யாருடையது என்று தெரியாமல் சாப்பிடுவோம். என் தம்பி எப்போதும் தட்டிலேயே தூங்கிவிழுவான். அவன் வாயைத் துடைத்துப் படுக்கவைப்பது என் வேலை.

நேற்று அந்த வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டது என்னுடைய அந்தத் தம்பியின் மகன்தான். "அத்தை, பாத்தீங்களா? நாங்க வந்திருந்தா எங்க கதியும் இதான்" என்று எழுதியிருந்தான். சின்னப் பையன், விளையாட்டாகத்தான் போட்டிருப்பான். அதற்குக் கீழே தம்பி சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவனுக்குத் தெரியாதா? அந்த மாடி அவனுக்குத் தெரியாதா? அவர்கள் கடைசியாக மதுரைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரு வருஷம் ஊட்டி, ஒரு வருஷம் தாய்லாந்து, மற்ற வருஷங்களில் என்னென்னவோ வகுப்பு. போகட்டும், பிள்ளைகள் நாலு இடம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் "அங்கே ஒண்ணும் இல்லைப்பா" என்று யாரோ ஒருவர் சொன்னதும், இல்லைடா, அங்கே எங்க அக்கா இருக்கா என்று அவனுக்குச் சொல்லத் தோன்றவில்லையே.

நான் குழுவில் எதுவும் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன், அவன் இதைப் படிப்பான் என்று தெரியும்.

விடுமுறை முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. எழும்பூரில் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் மதுரை. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கியதும் நேராக இட்லிக் கடைக்குப் போய்விட்டு, கல் சுடுவதற்குள் கோயில். மத்தியானம் அவர்கள் இஷ்டம்போல் தூங்கட்டும், இப்போது வீட்டில் ஏசியும் இருக்கிறது. சாயங்காலம் தெப்பக்குளம். மாடிக்கு இரண்டு வாளி தூக்க எனக்கு இப்போது முட்டி வலிக்கிறது, அதற்குத் தம்பி இருக்கிறான்.

நத்தம் காசாலட்டு மாங்காய் மூன்று கிலோ வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். இன்று தொட்டுப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் கல்லாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பழுத்துவிடும்.