வான்கதவு அறிவித்தலைப் படத்துக்குள் பூட்டி வைக்காதீர்கள்

மாரி தொடங்கினால் கிளிநொச்சிப் பக்கங்களில் ஒரே அறிவித்தல் திரும்பத் திரும்ப வரும்: இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படுகின்றன, பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை மக்கள் கவனம். அறிவித்தல் கடிதத்தைப் போனில் படம்பிடித்து, மேலே "முக்கியம், பகிரவும்" என்று மட்டும் எழுதி முகநூலில் போடுகிறார்கள். விழிப்புலனற்ற ஒருவரின் போனில், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் டோக்பேக் என்ன வாசிக்கும்? "படத்தில் எழுத்து இருக்கலாம்." 2016 முதல் முகநூல் தானாகச் சேர்க்கும் விவரிப்பு பெரும்பாலும் அந்தளவில் நின்றுவிடும். போரில் கண்ணை இழந்தவர்கள் வாழும் மண் இது. தண்ணீர் வருகிற நேரம் அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேணும்.

முழு வாசகத்தையும் பதிவிலேயே தட்டச்சு செய்யுங்கள். கணினியில் படத்தின் "திருத்து" என்பதற்குள் மாற்று உரைக்கு, அதாவது படத்தைச் சொல்லில் விவரிக்கும் உரைக்கு, ஒரு பெட்டி இருக்கிறது. அதில் "வான்கதவு திறப்பு அறிவித்தல், முழு விவரம் பதிவில் எழுத்தாக உள்ளது" என்ற ஒரு வரி போதும். எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள் திணித்தால் பந்தி, பட்டியல் எதுவும் நிற்காது, தொலைபேசி இலக்கத்தை அழுத்தி அழைக்கவும் முடியாது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதத்தை அப்படியே கொப்பி பண்ணி ஒட்டுவதும் உதவாது. பாமினியில் "அம்மா" என்பது கோப்பினுள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு அதைக் கண்ணுக்குத் தமிழாகக் காட்டுகிறது, காதுக்குப் போவது அந்த ஆங்கில எழுத்துகள். பாமினி பிடிஎஃப் கோப்புக்கும் இதே கதிதான். யூனிகோடுக்கு மாற்றி, ஒருதரம் வாசித்துச் சரிபார்த்த பிறகு போடுங்கள்.

கண்ணிவெடி அபாய வரைபடத்தில் இன்னும் கவனம் வேணும். "சிவப்புப் பகுதிக்குள் போகாதீர்கள்" என்ற விவரிப்பால் நிறம் தெரியாதவருக்கு ஒரு பயனும் இல்லை. எந்த வீதி, எந்த மதகிலிருந்து, கிழக்கா மேற்கா, எத்தனை மீற்றர் என்று எழுதுங்கள். குளத்து நீர்மட்ட வரைபு என்றால் எந்த மாதம் எத்தனை அடி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு வரி, முழு எண்களும் கீழே அட்டவணையாக.

இணையத்தளம் செய்கிற தம்பி தங்கச்சிமார் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். படத்தின் மாற்று உரையை எழுதும் ஆல்ட் குறியீட்டை இல்லாமல் விடுவதும் ஆல்ட்டை வெறுமையாக வைப்பதும் ஒன்றல்ல. இல்லாமல் விட்டால் பல ஸ்கிரீன் ரீடர்கள் (டோக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள்) கோப்புப் பெயரை வாசிக்கும். உள்ளே ஒன்றும் எழுதாமல் வெறும் மேற்கோள் குறிகளாக வைத்தால் படத்தைத் தாண்டிப் போகும், அலங்காரக் கோலத்துக்கு அதுதான் சரி. படமே இணைப்பாக இருந்தால் அது எங்கே கொண்டுபோகும் என்று எழுதுங்கள். "படம்" என்று தொடங்கத் தேவையில்லை, அந்தச் சொல்லை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். நீண்ட விவரிப்புக்கு இணைப்புக் கொடுக்கும் லோங்டெஸ்க் என்ற குறியீடு எச்டிஎம்எல் 5இல் கைவிடப்பட்டது, நீண்ட விவரிப்பைப் பக்கத்திலேயே வையுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியீட்டில் இல்லாவிட்டால், தமிழ் எழுத்தை ஆங்கிலக் குரலே வாசிக்க முனையலாம். இணையத்தளங்களை எல்லோரும் அணுகக்கூடியதாக்குவதற்கான டபிள்யூகேக் வழிகாட்டியின் 1.1.1ஆம் விதி ஏ நிலையில், அதாவது ஆகக் குறைந்த நிலையிலேயே, மாற்று உரையைக் கேட்கிறது.

வட்ஸ்அப் குழுக்களில் படத்தின் கீழே கப்ஷனாக முழு வாசகத்தையும் ஒட்டுங்கள். அடுத்த குழுவுக்கு அனுப்பும்போது கப்ஷன் கழன்று போகாமல் பாருங்கள்.