தனியே எடுத்து வைத்த தரவு

பங்குச் சந்தைப் பேச்சில் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் யூஜின் ஃபாமாவின் பெயர் வந்தாலே என் நண்பர் ஒருவருக்கு எரிச்சல். "சந்தையை யாராலும் ஜெயிக்க முடியாதுன்னு ரூமுக்குள்ள உட்கார்ந்து சொன்ன புரொஃபசர்தானே?" என்பார். எனக்கு வருத்தமாக இருக்கும். ஜெயிக்கப் பார்த்துத் தோற்ற பிறகு சொன்னவர் அவர்.

1939இல் பாஸ்டனில் பிறந்தவர். சிசிலியிலிருந்து வந்த குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனது பிரெஞ்சு. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டு, பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கோச்சாகவும் இருக்க வேண்டும் என்பது ஆசை. அவரே நல்ல ஆட்டக்காரர். இரண்டு வருஷம் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரையே சுற்றி வந்து அலுத்துப்போய் ஒரு பொருளாதார வகுப்பில் உட்கார்ந்தார், அதன் பிறகு அதுவே அவர் பாதை.

அப்போது ஹாரி எர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர் பங்கு விலைக் கணிப்புச் சேவை ஒன்று நடத்திவந்தார். எதை எப்போது வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று விதி கண்டுபிடிப்பது ஃபாமாவின் வேலை. பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு விதியும் லாபம் காட்டும். ஆனால் எர்ன்ஸ்ட் ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார்: தரவில் ஒரு பகுதியைத் தொடாமல் தனியே எடுத்து வை, கடைசியில் அதில் சோதித்துப் பார். அங்கே வந்ததும் விதிகள் படுத்துவிடும். ஒன்று இரண்டு அல்ல, திரும்பத் திரும்ப இதே கதை. இருபது வயதில் இதைப் பார்த்த ஒருவருக்கு, தப்பு தன் விதியிலா, சந்தை என்பதே இப்படித்தானா என்ற கேள்வி வராமல் இருக்குமா? அவருடைய பிற்காலம் முழுக்க இதிலிருந்து கிளம்பியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மேற்படிப்புக்கு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனதும் ஒரு தொலைபேசி அழைப்பால்தான். விண்ணப்பித்துப் பதிலே வரவில்லை. கூப்பிட்டார். எடுத்தவர் மாணவர் டீன் ஜெஃப் மெட்காஃப். விண்ணப்பம் வந்த சுவடே இல்லை என்றார், மதிப்பெண் கேட்டார், டஃப்ட்ஸ் மாணவருக்கென்று ஒரு உதவித்தொகை இருக்கிறது, வேண்டுமா என்றார். 1960இல் போனவர் அங்கேயே பேராசிரியராகி வாழ்நாளெல்லாம் தங்கிவிட்டார். நடுவில் டென்னிஸ், கோல்ஃப், கேப் காட் கடலில் விண்ட்சர்ஃபிங். 2013இல் பொருளாதார நோபல், அதுவும் சந்தை அடிக்கடி தடம் புரளும் என்று வாதாடிய ராபர்ட் ஷில்லரோடு சேர்ந்து.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. விலை தகுதிக்கு மீறி ஊதிப்போவதைச் சொல்லும் 'குமிழி' என்ற சொல்லே அர்த்தமற்றது என்பதுபோல் அவர் பேசும்போது மனசு ஒப்பவில்லை. ஆனால் சந்தை அபாயத்தை பீட்டா என்ற ஒற்றை எண்ணால் அளக்கும் கோட்பாட்டுக்கு 1973இல் ஜேம்ஸ் மெக்பெத்துடன் சேர்ந்து ஆதரவாக எழுதியவர், 1992இல் கென்னத் ஃபிரெஞ்சுடன் சேர்ந்து, தரவு அதற்கு ஒத்துவரவில்லை என்று எழுதினார். தன் பெயரோடு நின்ற முடிவையே மறுபடி சோதிக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

போன வாரம் அதே நண்பர், பத்து வருஷமாக வேலை செய்கிறது என்று தன் வாங்கும், விற்கும் விதி ஒன்றின் சார்ட்டை அனுப்பினார். இதில் எந்த வருஷங்களைத் தொடாமல் தனியே வைத்தீர்கள் என்று கேட்டேன். அப்படி எதையும் வைக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து, முந்தைய பத்து வருஷ விலைகளை எடுத்து ஓட்டிப் பார்க்கப்போகிறோம்.