சக்கரங்களின் வானவில் நிறங்கள்

கோவை யோகா வகுப்புச் சுவர்களில் தொங்கும் படத்தைக் காட்டி, உடலின் ஆற்றல் மையங்களாக யோகம் சொல்லும் ஏழு சக்கரங்களுக்கும் சிவப்பு முதல் ஊதா வரையிலான வானவில் நிறங்களைப் பழைய தாந்திரிக நூல்களே வகுத்தன என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அன்பு கூர்ந்து திருத்துகிறேன்: அந்த வரிசை 20-ஆம் நூற்றாண்டில் மேற்கு நாடுகளில் உருவானது.

பூர்ணானந்தர் 1577-இல் இயற்றிய 'ஷட்சக்ர நிரூபணம்' என்ற சமஸ்கிருதத் தாந்திரிக நூல், நாபியிலுள்ள மணிபூரகச் சக்கரத்தின் தாமரைக்குச் சொல்லும் நிறம் மஞ்சள் அன்று, நீர் நிறைந்த கார்மேகத்தின் கருமை. ஆடியில் ஆனைமலை மேல் கவிகிறதே, அதே நிறம். இதயத்து அனாகதமும் பச்சை அன்று, பந்தூக மலரின் செம்மை. எவ்வளவு அழகான வர்ணனை, அது மறைந்துபோகலாமா?

இந்நூலுக்கு ஜான் உட்ராஃப் 1919-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 19, 22-ஆம் சுலோகங்களை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.