அளவைக் கொண்டு போலி என்று முடிவு செய்ய இயலாது
கொழிஞ்சாம்பாறையில் ஓவியர் கையால் வரைந்த அசல் என்று விற்பனைக்கு வந்துள்ள அமெரிக்கக் காமிக்ஸ் (படக்கதை) பக்கம், அச்சான புத்தகத்தைவிடப் பெரிதாக இருப்பதால் அது பெரிதாக்கப்பட்ட நகலே என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அதைப் பாலக்காட்டு நண்பர்கள் சிலரும் பகிர்ந்துள்ளனர். பணிவுடன் சொல்வதானால், அசல் ஓவியம் பெரிதாக இருப்பதே வழக்கம். குறைகள் தெரியாமல் கோடுகள் கூர்மையாக அமைவதற்காக, பெரிதாக வரைந்து, பின்னர் சுருக்கி அச்சிடுவார்கள். 1960-களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 10-க்கு 15 அங்குலத்தில் வரைந்தார்கள். அதற்கு முன்பு வரைந்தவை இன்னும் பெரியவை. ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பதிவுகளில் ஓவியப் பரப்பின் அளவு குறிக்கப்பட்டிருக்கும். எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அளவு சரியாக இருப்பதனாலேயே அது அசல் என்றும் ஆகிவிடாது. நல்ல நகலெடுப்போருக்கும் அளவுகோல் உண்டு. பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து, பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கியால் பாருங்கள். கையால் மை தீட்டிய கறுப்புப் பரப்பில் தூரிகை மேலோடிய இடங்கள் பெரும்பாலும் அடர்த்தி மாறித் தெரியும். அழிக்கப்பட்ட பென்சில் தடமும், திருத்திய இடத்தில் வெள்ளை வண்ணத்தின் மேடும் பல பக்கங்களில் புலப்படும். நகலில் கறுப்பு ஒரே சீராகவோ நுண்புள்ளிகளாகவோ இருக்கும்.