நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்

கண்ணாடிமேல் மெல்லிய பூச்சாகப் படிய வைக்கும் தாமிர ஆக்சைடு மென்படலம் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் மஞ்சளானால் குப்ரஸ் ஆக்சைடு (Cu₂O), கருப்பானால் குப்ரிக் ஆக்சைடு (CuO), அடையாளம் காண நிறமே போதும் என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை.

பாளையங்கோட்டையில் முதுகலை படித்தபோது இந்தப் படலம் செய்வதுதான் என் ப்ராஜெக்ட். காப்பர் சல்பேட்டும் சோடியம் தயோசல்பேட்டும் சேர்ந்த நிறமற்ற கரைசலிலும், 70 டிகிரி சோடியம் ஹைட்ராக்சைடிலும் கண்ணாடித் துண்டை மாறி மாறி முக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் ஏறும். கழுவிய கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் விரிந்து வழிய வேண்டும், இல்லையென்றால் படலம் திட்டுத் திட்டாக உரிந்துவிடும். எனக்கு முதல் வாரம் முழுக்க அப்படியே போனது.

அப்புறம் காற்றில் 350 டிகிரியில் சுட்டேன். நன்றாகக் கருத்தது. சரி, முழுக்கக் குப்ரிக்காக மாறிவிட்டது என்றே நினைத்தேன். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் சிதறும் கோணங்களை வைத்துப் பொருளை அடையாளம் காணும் சோதனை) எடுத்தால், குப்ரிக்குக்கு உரிய 35.5, 38.7 டிகிரிக் கோண உச்சங்களுக்கு நடுவே, குப்ரஸுக்கு உரிய 36.4-ல் ஒரு சின்ன மேடு. குப்ரஸ் மிச்சம் இருந்திருக்கிறது! குப்ரஸின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானைக் கிளப்ப ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட், குப்ரிக்குக்கு 1.2 முதல் 1.5 வரை. இரண்டும் கலந்து கிடந்தால், இந்தப் படலத்தை வைத்துப் போடும் சூரிய மின்கலக் கணக்கே தப்பிவிடும்.

எங்கள் ஆச்சி புளி போட்டுத் தேய்க்கும் செம்புக் குடத்தில் படியும் பழுப்பிலும் குப்ரஸ் உண்டு. தாமிரபரணிக் கரைப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். அடுத்த பகுதியில் எக்ஸ்ஆர்டி வரைபடத்தையும் அவசியம் போடுங்கள்.