காப்பகமும் திரையரங்கும் ஒரே கூரையின் கீழ்

படச்சுருளைப் பத்திரமாக வைத்திருப்பது ஒருவர் பொறுப்பு, அதைத் திரையிடுவது வேறு யாரோ ஒருவரின் பொறுப்பு என்று பிரித்துவிட்டால் இரண்டுமே நாளடைவில் நலிந்துபோகும் என்பது என் கருத்து. நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில், இரண்டாம் அவென்யூவும் இரண்டாம் தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கும் ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு அந்தக் கருத்து எனக்கு இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. படங்களைச் சேர்ப்பதும், சீர்செய்வதும், திரையிடுவதும், அவற்றைப் பற்றிய எழுத்தைத் திரட்டி வைப்பதும் அங்கே ஒரே நிறுவனத்தின் வேலைகள்.

சிவப்புச் செங்கல் கட்டடம். ஒரு காலத்தில் நீதிமன்றமாக இருந்தது. 1979இல் இதைக் கையகப்படுத்தி, பணம் திரட்டிப் புதுப்பித்து, 1988இல்தான் திறக்க முடிந்திருக்கிறது. இதற்குப் பின்னால் நின்றவர் லிதுவேனியாவிலிருந்து அகதியாக வந்து 1949இல் நியூயார்க்கில் இறங்கிய ஜோனாஸ் மேகாஸ். நம் சிறுபத்திரிகைக்காரர்களை அறிந்தவர்களுக்கு இந்த மனிதரை எளிதில் புரிந்துகொள்ள முடியும்: திரைப்பட இதழ் நடத்தினார், வில்லேஜ் வாய்ஸ் வார இதழில் பத்தி எழுதினார், யாரும் வாங்காத படங்களை எடுப்பவர்களுக்காக 1962இல் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். 1964இல் ஒரு படத்தைத் திரையிட்டதற்காக ஆபாசக் குற்றச்சாட்டில் கைதானவர், பின்னாளில் ஒரு நீதிமன்றத்தையே திரையரங்காக மாற்றினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

இந்த அமைப்பு 1970இல் வேறோர் இடத்தில் தொடங்கியது. அந்த முதல் அரங்கை வடிவமைத்தவர் ஆஸ்திரியத் திரைப்படக் கலைஞர் பீட்டர் குபெல்கா. சுவர், கூரை, இருக்கை எல்லாம் கறுப்பு. பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படாதபடி ஒவ்வோர் இருக்கைக்கும் தடுப்பு. விசிலும் கைதட்டலுமாகப் படம் பார்த்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அது தண்டனையாகவே இருந்திருக்கும். நல்லவேளையாக இப்போதுள்ள இரண்டு அரங்குகளும் சாதாரண அரங்குகள்தான். சிறியதற்குப் பரீட்சார்த்தத் திரைப்படக் கலைஞர் மாயா டெரனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

இங்கே பெரும்பாலும் படச்சுருளிலேயே திரையிடுகிறார்கள். 35 மி.மீ. பிரிண்டின் ஒரு ரீல் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும். அது முடியும் நேரத்தில் திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும், சில நொடிகள் கழித்து இன்னொன்று மின்னும், அடுத்த புரொஜெக்டர் பொறுப்பேற்கும். ஒருமுறை திரையில் பார்த்த வண்ணப் பிரிண்ட் முழுவதும் வெளிறி, வானம்கூட இளஞ்சிவப்பாகவே தெரிந்தது. அந்தக் காலத்து வண்ணச் சுருள்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதே காரணம். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாலும் அந்தச் சாயம் மங்கத்தான் செய்திருக்கும், அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதுதான் வேறுபாடு.

அவர்களுடைய ‘எசென்ஷியல் சினிமா’ வரிசையைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. எழுபதுகளின் முதற்பாதியில் மேகாஸும் குபெல்காவும் உட்பட ஐவர் கொண்ட குழு, திரைக்கலைக்கு இன்றியமையாதவை என்று கருதிய சுமார் 330 படங்களைத் தேர்ந்தெடுத்தது. அவற்றைத் திரும்பத் திரும்பச் சுழற்சியில் திரையிடுகிறார்கள். நாவலை மறுமுறை வாசிப்பதைப் போல ஒரு கடினமான படத்தையும் மறுமுறை பார்க்க வாய்ப்பளிக்கும் ஏற்பாடு இது. இன்று வந்து நாளை காணாமல்போகும் ஓடிடி தளங்களிடம் இதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்தப் பட்டியலில் பெண்கள் மிகச் சிலர். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வெளியே எடுக்கப்பட்ட படங்கள் அதைவிடக் குறைவு. குழு கலைந்ததும் பட்டியலும் அப்படியே உறைந்துவிட்டது. ஐவரின் ரசனையை உலகத் திரைக்கலையின் அளவுகோலாக நான் ஏற்க மாட்டேன். ஆயினும் பெயர் போட்டுப் பொறுப்பேற்றுத் தேர்ந்தெடுத்த ஐவரோடு சண்டையிடலாம், பரிந்துரை அல்காரிதத்தோடு சண்டையிட முடியாது.

அதே குழுவின் இன்னொரு பிடிவாதம், பிறமொழிப் படங்கள் பலவற்றை சப்டைட்டில் இல்லாமல் காட்டுவது. எழுத்து படத்தின் சட்டகத்தைக் கெடுக்கிறது என்பது அவர்கள் வாதம். ஒரு டேனிஷ் படத்துக்குப் போனபோது கதைச்சுருக்கம் அச்சிட்ட தாளொன்று கிடைத்தது. விளக்கு அணைவதற்குள் அதைப் பாதிதான் படிக்க முடிந்தது. முகங்களையும் அறைக்குள் விழுந்த வெளிச்சத்தையும் வேறெப்போதையும்விடக் கூர்ந்து பார்த்தேன் என்பது உண்மை. ஆனால் அந்தப் படத்தில் மனிதர்கள் நம்பிக்கையைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பேச்சும் இயக்குநர் எடுத்த படத்தின் ஒரு பகுதிதானே? இந்த விஷயத்தில் குபெல்கா கட்சியில் நான் இல்லை.

அங்கே படம் பார்க்கப் போகிறவர்கள் பலர் நூலகத்தைக் கவனிப்பதில்லை. பரீட்சார்த்தத் திரைப்படம் குறித்த நூல்கள், நின்றுபோன இதழ்கள், புகைப்படங்கள், கலைஞர் வாரியாகச் சேர்த்த கோப்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பெருநிறுவனங்கள் எடுத்த படங்களுக்கு விளம்பரமும் விமர்சனமும் எங்காவது மிஞ்சும். தனியொருவர் தம் வீட்டிலேயே எடுத்த 16 மி.மீ. படத்துக்கு ஒரு திரையிடல் அறிவிப்புத் தாள்தான் சாட்சியாக மிஞ்சியிருக்கலாம். அந்தத் தாளை ஒருவர் எடுத்து வைத்திருந்தால்தான், எந்தப் பிரிண்டைத் தேட வேண்டும் என்பதே பின்னால் வருகிறவருக்குத் தெரியும்.

நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் இருக்கும் நண்பர்கள் நிகழ்ச்சி அட்டவணையை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போகலாம். எசென்ஷியல் சினிமா தவிர, புதிய படங்களும் தனி இயக்குநர்களின் தொகுப்புத் திரையிடல்களும் நடக்கின்றன; பட்டியல் விட்டுவிட்ட பலர் அவற்றில்தான் இடம்பெறுகிறார்கள். நூலகத்துக்கு முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.