2000ன்னு போடச் சொன்ன சேருக்கு

மாதிரி வினாத்தாளுக்காக ஒரு அப்ல சேரச் சொல்லி, ஒரு வாத்தியார் நம்ம தோட்டத்து வட்ஸ்அப் குரூப்ல போட்ட வொய்ஸ் நோட்டை இதுக்குள்ள எல்லாரும் கேட்டிருப்பீங்க. யாரு, எந்த வகுப்புன்னு நான் எழுதப்போறதில்ல. "வயசு கேட்டா வருஷத்த 2000ன்னு போடுங்க புள்ளைகளா, அப்பதான் உள்ள விடும்." தரம் 5 புள்ளைகளுக்கு. பத்து வயசுக்கு. அதுக்குக் கீழ வரிசையா கும்பிட்ட கை, பூச்செண்டு, "நன்றி சேர்".

பொய் சொல்லச் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பெட்டி எதுக்கு இருக்குன்னே தெரியாம சொன்னதுதான் எரிச்சல்.

பிறந்த வருஷம் கேக்கிற பெட்டிய நம்ம ஆளுங்க ஸ்டோர் கேட் மாதிரி நினைக்கிறாங்க. வாச்சர் அசந்த நேரம் நுழைஞ்சிட்டா உள்ள எல்லாருக்கும் ஒரே பாதைன்னு. அப்படி இல்ல. அது ஒரு சுவிச். நீங்க போடுற வருஷத்தப் பார்த்துத்தான் உள்ள எதைப் பூட்டுறது, எதைத் திறக்கிறதுன்னு முடிவாகும். டிக்டொக்கையே எடுங்க. 13 முதல் 15 வயசுக்காரங்களோட கணக்கு தானாவே பூட்டின கணக்கா இருக்கும். 16க்குக் கீழ நேரடி மெசேஜ் கிடையாது. 13-15 வயசுக்கு ராத்திரி 9 மணிக்குப் பிறகு நோட்டிபிகேஷன் வராது. லைவ் போட 18 ஆகணும். 2000ன்னு போட்ட புள்ளைக்கு இதுல ஒன்னுமே இல்ல. அந்தப் பத்து வயசுப் புள்ள அங்க இருபத்தஞ்சு கடந்த ஆள். மெசேஜுக்கும் அந்தப் பூட்டு இல்ல.

"2000 வேணாம், 13ன்னு மட்டும் கூட்டிப் போட்டா என்ன?"ன்னு ஒரு அண்ணன் கேட்டிருந்தார். கணக்குப் போட்டுப் பாருங்க அண்ணே. பத்து வயசில 13ன்னு சொன்ன புள்ளைக்கு நெசமா 13 ஆகும்போது அங்க 16. மெசேஜ் திறந்துரும். நெசமா 15 ஆகும்போது அங்க 18. லைவும் திறந்துரும். இன்னிக்குச் சொன்ன மூனு வருஷப் பொய், கூடவே வளர்ந்துக்கிட்டுப் போகும்.

இந்த 13 என்ன சாமி சொன்ன கணக்கான்னா, இல்ல. 1998ல அமெரிக்காவில ஒரு சட்டம் போட்டாங்க, 2000ல நடைமுறைக்கு வந்துச்சு. 13க்குக் கீழ உள்ள புள்ளையோட விவரம் எடுக்க முதல்ல தாய் தகப்பன் சம்மதம் வேணும். அந்தக் கரைச்சலே வேணாம்னுதான் பெரிய கம்பனி எல்லாம் "13க்குக் கீழ வராதீங்க"ன்னு எழுதி வச்சான். அதுக்காக அவங்க யோக்கியம்னு சொல்ல வரல. புள்ளைங்க விவரம் எடுத்த வழக்கில 2019ல கூகுளும் யூடியூபும் 170 மில்லியன் டொலர் கட்டினாங்க. 13-17 வயசுக்காரங்க கணக்கை ஊருக்கே தெரியிற மாதிரி திறந்து வச்சது உட்பட பல குறைக்கு 2023ல அயர்லாந்தில டிக்டொக்குக்கு 345 மில்லியன் யூரோ தண்டம். அங்க கம்பனிக்காரன் தப்பு செஞ்சதுக்குத் தண்டம். இங்க நம்மளே வாத்தியார் வச்சு அந்தப் பூட்டை உடைச்சுக் குடுக்கிறோம், அதுவும் இலவசமா.

நம்ம நாட்டிலயும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்குன்னு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. புள்ளைகளோட தரவு அதுல விசேட வகை. இருந்து என்ன, தோட்டத்துக்குக் கடிதம் வர்ற வேகத்திலதான் சட்டமும் வரும்.

இப்ப என்னைய உண்மையில குத்தின கமெண்ட்டுக்கு வர்றேன். "லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டுப்) புள்ளைகிட்ட திருட என்ன இருக்கு?" சிரிப்பு பொம்மை வேற.

என்ன இருக்குன்னு சொல்றேன். கொழும்பில ஒரு புள்ளையோட பேரையும் ரோட்டையும் வச்சு வீட்டைப் பிடிக்க நேரமாகும். இங்க தோட்டம், டிவிசன், அப்பா பேரு, இந்த மூனும் போதும். ஆட்டோ ஸ்டாண்ட்ல கேட்டா வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவாங்க. சேர் பதிவுக்கு அனுப்பின கூகுள் ஃபோர்ம்ல இந்த மூனும் இருந்துச்சு. படம், போன் நம்பர், "தாய் தொழில்" எல்லாமே. எத்தனை புள்ளைங்க அதுல "வெளிநாடு"ன்னு எழுதியிருக்கும்? எந்த வீட்டில புள்ள பாட்டியோட மட்டும் இருக்குன்னு ஒரு பட்டியலே தயார். அனுப்பி முடிச்சதும் கீழ முந்தைய பதில்களப் பார்க்க ஒரு லிங்க் வந்துச்சே, கவனிச்சீங்களா? பதில் சுருக்கத்தக் காட்டுற சுவிச்ச ஃபோர்ம் செட்டிங்ல போட்டு விட்டா, நிரப்பின ஒவ்வொருத்தனும் மத்தவன் எழுதினதப் பார்க்கலாம். வேணும்னு செஞ்சார்னு நான் சொல்லல. தெரியாமத்தான். ஆனா தெரியாத வேலையில 10 வயசுப் புள்ளைங்கள ஏன் இறக்கணும்?

பிறந்த திகதின்னா நம்ம சனத்துக்கு லேசான விஷயமா? நம்மள நாடில்லாதவங்களாக்கின 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, இந்த மண்ணிலதான் பொறந்தோம்னு காட்ட ஒரு துண்டுக் கடுதாசிக்கு எத்தனை பேர் கச்சேரிப் படி ஏறி இறங்கினாங்க. குடியுரிமை குடுத்த 2003 சட்டம் வர்ற வரைக்கும் நாடில்லாம இருந்தவங்க இருக்காங்க. அந்தத் திகதிய இப்ப ஒரு மாதிரி வினாத்தாளுக்கு மாத்தி எழுதச் சொல்லிக் குடுக்கிறோம். சரி, விஷயம் எங்கயோ போகுது.

"அப்ப எங்க புள்ளைங்க முன்னேறக் கூடாதா?" இதைக் கேக்கிறவங்களுக்கு ஒரே கேள்வி: வினாத்தாளுக்கு அந்த அப் எதுக்கு? பீடிஎஃப் ஆக்கி தாய் தகப்பன் வட்ஸ்அப்புக்கு அனுப்பினா வயசும் கேக்காது, படமும் கேக்காது. டேட்டாவும் மிச்சம்.

"அம்மா அப்பாவுக்கு போன் தெரியாது" என்கிறது மட்டும் நியாயமான பேச்சு. டவுன்ல போன் வாங்கும்போது கடைக்காரத் தம்பியே ஒரு ஜிமெயில் போட்டுக் குடுக்கிறார், பாஸ்வேர்ட் அவருக்குத்தான் தெரியும். முதல்ல அந்தப் பாஸ்வேர்ட்ட உங்க கையாலே மாத்துங்க. மீட்பு நம்பரா உங்க நம்பரப் போடுங்க. பிறகு பிளே ஸ்டோர்ல மேல இருக்கிற வட்டத்தத் தொட்டு செட்டிங்ஸ், ஃபெமிலி, பெரன்டல் கன்ட்ரோல். அதுக்கு ஒரு பின் நம்பர், அது புள்ளையோட பிறந்த வருஷமா இருக்கக் கூடாது. இது புதுசா இறக்குற அப்ப மட்டும்தான் தடுக்கும். ஏற்கனவே போனில இருக்கிறத நீங்கதான் தேடி அழிக்கணும். குரோம்ல திறக்கிறதையும் இது பார்க்காது.

புள்ளைக்குன்னு தனி கூகுள் கணக்கு வேணும்னா ஃபெமிலி லிங்க் (புள்ளையோட கணக்க பெற்றோர் பார்த்துக்கிற கூகுள் அப்) வழியா உங்க ஜிமெயிலுக்குக் கீழ திறங்க, உண்மையான திகதியோட. ஏற்கனவே பொய் வருஷத்தில திறந்த கணக்கில திகதியத் திருத்தினா, 13க்குக் கீழன்னு தெரிஞ்சதும் பெற்றோர் மேற்பார்வை போட 14 நாள் தவணை, போடாட்டி கணக்கு முடங்கும். அதனால படங்கள முதல்ல வேற இடத்துக்கு மாத்திட்டுத் திருத்துங்க. டிக்டொக் கணக்க அழிச்சா 30 நாள் உள்ள போகவே கூடாது. "சும்மா பார்ப்போம்"னு ஒரு தடவ லொகின் பண்ணி ரீஎக்டிவேட்னு தட்டினா கணக்கு திரும்ப உயிர்த்துரும். வட்ஸ்அப்ல பிரைவசி, குரூப்ஸ், மை கொன்டாக்ட்ஸ்னு வச்சிட்டா கண்டவனும் புள்ளைய குரூப்ல இழுத்துப் போட மாட்டான்.

வெளிநாட்டில இருக்கிற அம்மா சம்மதத்த எப்படி வாங்குறதுன்னா, ஃபெமிலி லிங்க்ல பெற்றோரும் புள்ளையும் ஒரே நாட்டில இருக்கணும்னு கூகுள் கேக்குது. அதனால குவைத்தில இருக்கிற அம்மாகிட்ட போனில கேட்டுட்டு, இங்க இருக்கிற பெரியவங்க ஜிமெயிலுக்குக் கீழ திறங்க.

சேர் மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்ல. இருக்கு, ஆனா அது இங்க முக்கியம் இல்ல. அந்த வொய்ஸ் நோட் இன்னும் குரூப்லயே கிடக்கு. எல்லாருக்கும் அழிக்க வட்ஸ்அப் குடுக்கிற ரெண்டரை நாளும் கடந்து போச்சு. புதுசா ஒன்னு போடலாம், சேர். 30 செக்கன் போதும்.